மெட்ராஸ் டெரஸ்

கான்கிரீட் தளம் பரவலாவதற்கு முன் சென்னையில் எழுந்த பழைய வீடுகளின் கூரையான மெட்ராஸ் டெரஸ், இரும்புக் கம்பியோ சிமெண்டோ இன்றி, தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாகவும் மூலைவாட்டாகவும் நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து அமைக்கப்படுவதாகும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக அமர்ந்தவர்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவதே இவ்வேலையின் உயிர். கட்டை பதியாமல் துள்ளி எழும் பதம் வந்த பிறகே, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு அதன் மேல் பதிக்கப்படும். எத்தனை பொறுமையான கைவேலை இது!

நுண்துளைகள் நிறைந்த செங்கல்லும் சுண்ணாம்பும் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாலும், கூரையின் கனமே அதைத் தன்னுள் தேக்கிக்கொள்வதாலும், உச்சிவெயிலின் சூடு அறைக்குள் இறங்கப் பல மணி நேரம் ஆகிறது. வெப்பப் பின்னடைவு எனப்படும் இத்தாமதத்திற்குள் பொழுது சாய்ந்துவிடுவதால், மின்விசிறிக்கும் குளிர்சாதனத்திற்கும் வேலை குறைகிறது. ஒழுகுகிறது என்பதற்காக இக்கூரையை இடிக்க நினைப்பவர்கள், தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒருமுறை மீண்டும் பூசிப் பார்க்க வேண்டும்.