லிஃப்ட் ஏன் அவனுக்கு மட்டும் நகரவில்லை?

கேளம்பாக்கம் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிகள்தான். வண்டலூர் சாலை, கோவளம் சாலை, ஓஎம்ஆர் என்று எங்கும் யாராவது ஒருவர் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். பூஜை அறையில் ஆணி அடிப்பது, கேபிள்காரரைத் துரத்துவது, லிஃப்ட் நின்றுபோனால் செக்யூரிட்டியிடம் சண்டை போடுவது என்று புது ஃபிளாட்டில் முதல் வாரம் ஓடிவிடும். 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படம் தனக்கு வேண்டிய பயம் முழுவதையும் அந்த முதல் வாரத்திலிருந்தே எடுத்துக்கொண்டது.

விக்ரம் குமார் இயக்கிய அந்தப் படத்தில் மாதவனின் குடும்பம் 13ஆம் மாடியில் 13பி என்ற வீட்டுக்குக் குடிவருகிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. கூட இன்னொருவர் ஏறினால் நகரும். முதல் தடவை இது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். அவர் படியேறிப் போகிறார். காட்சியில் இருட்டும் கிடையாது, அலறலும் கிடையாது. ஆனால் அது திரும்ப நடக்கும்போது பார்ப்பவர் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் லிஃப்ட் கதவைக் காட்டினாலே போதும், நெஞ்சு கொஞ்சம் இறுகும். பால் கெட்டுப்போகிறது, வீட்டுக்குள் செல்போனில் எடுத்த மாதவனின் படத்தில் முகம் கோணிப்போகிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சாதாரணக் காரணம் சொல்லிவிட முடியும் என்பதால்தான் கதாநாயகன் வீட்டை விட்டு ஓடவில்லை என்பதை நாமும் ஏற்றுக்கொள்கிறோம். போதாததற்கு, பகல் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி தொடரில் வருவதும் இதேபோல ஒரு குடும்பம். அங்கே நடப்பது இங்கே நடக்கிறது. தமிழ் வீட்டின் மிகச் சோம்பலான நேரத்தைப் பிடித்து, அதையே அபாய மணியாக மாற்றியதுதான் இந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியம். பி.சி. ஸ்ரீராமின் கேமராவும் வீட்டைப் பாழடைந்த பங்களாவாகக் காட்ட முயலவில்லை.

சஸ்பென்ஸ் என்பது தகவலைப் பங்கிடும் வேலை. பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியும், பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹிட்ச்காக் இதை பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவிடம் மேசைக்கடியில் வைத்த வெடிகுண்டை உதாரணம் காட்டி விளக்கினார். குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. பார்ப்பவருக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால் பல நிமிடத் தவிப்பு. அந்த உரையாடல் புத்தகமாக வந்தது 1966இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சென்னையில் எஸ். பாலசந்தர் ‘பொம்மை’ எடுத்துவிட்டார். குண்டு வைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் போகிறது. வைத்திருப்பவருக்குத் தெரியாது, கொட்டகையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஹிட்ச்காக்கே 1936இல் ‘சபோட்டாஜ்’ படத்தில் ஒரு சிறுவன் கையில் குண்டைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றியவர்தான் என்பதால், யார் முதல் என்று சண்டை போட வேண்டியதில்லை. வீணை வித்வானாக இருந்த ஒருவர் இந்தப் பாடத்தை இவ்வளவு சுத்தமாகத் தமிழில் செய்து காட்டினார் என்பதுதான் விஷயம்.

அதே பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) எதிர்த்திசையில் போகிறது. 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். இங்கே நமக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததாக நினைப்பதும் அடுத்த வாக்குமூலத்தில் கலைந்துவிடும். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் இது. ஏவி.எம். நிறுவனத்திலிருந்து அந்தக் காலத்தில் அப்படி ஒரு படம் வந்தது சாதாரணக் காரியம் இல்லை. பதற்றம் ஏறிவரும் நேரத்தில் டூயட் வந்தால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த பலர் இதை மறந்துபோனார்கள்.

பயத்தைப் பேயிடமிருந்து பிடுங்கி மனத்துக்குள் வைத்தவை இரண்டாண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்கள். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் கமல்ஹாசன் யார் என்று நமக்குத் தெரியும், ஸ்ரீதேவிக்குத் தெரியாது. ரோஜாத் தோட்டம் அழகாக இருக்க இருக்கத்தான் வயிற்றைக் கலக்குகிறது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இன்னும் அடக்கமானது. பிரதாப் போத்தனின் சந்துரு கொலைகாரன் என்பதைப் படம் மறைக்கவே இல்லை. சிறுவயதில் வீட்டில் அவன் பார்த்தது என்ன, அதனால் அவன் என்ன ஆனான் என்பதுதான் கதை. தானே ஒளிப்பதிவாளர் என்பதால் பாலு மகேந்திரா ஜன்னலில் வரும் வெளிச்சத்தை நம்பினார்; கொலைகாரன் முகத்தில் கீழிருந்து விளக்கடித்துப் பூதமாக்கவில்லை. சாந்தமாக உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தைச் சற்று அதிக நேரம் காட்டினால் பார்ப்பவருக்குத் தானாகவே சங்கடம் வரும். இளையராஜாவுக்கு இது நூறாவது படம். எங்கே வாசிக்க வேண்டும் என்பதைவிட எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கவனத்தை, இன்று ரீரெக்கார்டிங் செய்பவர்கள் உட்கார்ந்து கேட்கலாம்.

ஏனென்றால் இன்றைய வியாதியே ஒலிதான். ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் ஏதோ தொடர்கிறது. சட்டென்று சீறும் சத்தம். பார்த்தால் பஸ். ஜம்ப் ஸ்கேர் என்று இப்போது சொல்வதற்கு மூலமே அந்த பஸ்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நீண்ட மௌனம் இருந்தது. நம் பேய்ப் படங்கள் பல மௌனத்தை விட்டுவிட்டு பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டன.

விதிவிலக்குகள் உண்டு. கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) படத்தில், பீட்சா கொடுக்கப்போன வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட விஜய் சேதுபதியின் கையில் ஒரு டார்ச். ஒளிவட்டம் எங்கே விழுகிறதோ அவ்வளவுதான் ஃபிரேம். மீதித் திரையை நம் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. அஷ்வின் சரவணனின் ‘மாயா’ (2015) படத்தில் நயன்தாரா பணத்துக்காக ஒரு பேய்ப் படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். நாமும் அதேபோல இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைக்கும்போது பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

அஷ்வின் சரவணனே எடுத்த ‘கேம் ஓவர்’ (2019) இந்த வரிசையில் தொழில்நுட்பத்தில் மிகக் கெட்டியான படம். டாப்ஸியின் பாத்திரத்துக்கு இருட்டு என்றாலே நடுக்கம்; பிறகு சக்கர நாற்காலியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு விளக்கு அணைந்தாலே காட்சிக்குப் போதும், பேய் வர வேண்டியதில்லை. கடைசிப் பகுதியில் வீடியோ கேமில் உயிர்கள் தீர்வதுபோல ஒரே இரவு திரும்ப நடக்கிறது. இதனால் கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று அந்த வீட்டின் வரைபடமே நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. அடுத்த முறை எந்த மூலையிலிருந்து ஆபத்து வரும் என்று அவளுக்கு முன்பே நாம் அந்த மூலையைப் பார்க்கிறோம். படம் நம்மை அப்படி வேலை வாங்குகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டிவியில் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு இந்தப் படங்களை ஓட விடுங்கள். ‘பீட்சா’வின் டார்ச் அப்போதும் பயமுறுத்தும், ‘யாவரும் நலம்’ லிஃப்டும் பயமுறுத்தும். ‘காஞ்சனா’ வரிசை அப்படிப் பயமுறுத்தாது; சிரிக்கவும் கத்தவும் என்று கூட்டத்துக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை, அந்த வேலையை நன்றாகவே செய்தன. ஆனால் அவற்றின் வசூலைப் பார்த்து சஸ்பென்ஸ் எடுக்கக் கிளம்பியவர்கள்தான் தமிழில் இந்த வகையைக் கெடுத்தார்கள்.