'ரியாக்டிவ்' என்ற ஒற்றைச் சொல்

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். பெரும்பாலும் இருக்கும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயைத் தேடும் இந்தச் சோதனை 1946-இல் அமெரிக்காவில் உருவானது. செலவு குறைவு, முடிவும் உடனே தெரிந்துவிடும். ஆனால் பலர் நினைப்பதுபோல் இது கிருமியைத் தேடுவதில்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கப்பட்ட கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளோடு ரத்தநீரைக் கலந்து, கண்ணாடிச் சில்லை நான்கு நிமிடம் சுழற்றி, துகள்கள் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ரத்தநீரிலுள்ள எதிர்ப்பொருள்களால் அவை திரண்டால் 'ரியாக்டிவ்'. லூபஸ், தொழுநோய், மலேரியா ஆகியவற்றிலும் அப்படித் திரளலாம். சில வேளை கர்ப்பமே போதும். இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை எடைபோடுகிற வீடுகளுக்கு இது தெரிவதில்லை.

அப்படியானால் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைக் காட்டும் டி.பி.எச்.ஏ. மட்டும் போதாதா? போதாது. நோய் முற்றிலும் குணமானவருக்கும் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். பழைய நோயையும் புதிய நோயையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. வி.டி.ஆர்.எல்.-இன் உண்மையான பலம், அறிக்கையில் பலர் கவனிக்காத எண்ணில் இருக்கிறது. 1:32 என்றால் ரத்தநீரை 32 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் திரண்டது என்று பொருள். பென்சத்தீன் பென்சிலின் ஊசி போட்ட சில மாதங்களில் அது 1:8-க்கு இறங்கினால், நான்கு மடங்கு குறைந்திருக்கிறது. மருந்து வேலை செய்திருக்கிறது. 1:8 என்பது 1:4 ஆனதற்காக மகிழவும் வேண்டாம், 1:16 ஆனதற்காகக் கலங்கவும் வேண்டாம். ஒரு படி ஏற்ற இறக்கம் சோதனையிலேயே நேரக்கூடியது. ஒப்பிடும் இரண்டு அறிக்கைகளும் ஒரே முறையில், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த ஆர்.பி.ஆர். சோதனையின் எண்ணை வி.டி.ஆர்.எல். எண்ணோடு சேர்த்துப் பார்ப்பது வீண் குழப்பம்.

'நான்-ரியாக்டிவ்' என்பதும் முழு நிம்மதி அல்ல. நோயின் முதல் கட்டத்தில், புண் தோன்றிய புதிதில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. எதிர்ப்பொருள் மிதமிஞ்சி இருந்தாலும், நீர்க்காத ரத்தநீரில் துகள்கள் திரளாமல் போய்விடும். இரண்டாம் கட்ட நோயில் இந்த ஏமாற்று நடப்பதுண்டு. இவ்வளவு ஓட்டைகள் உள்ள சோதனையைக் கர்ப்பிணிகளுக்கு ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். தவறான பாசிட்டிவுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் தேவையற்ற ஊசியும் சில நாள் மனவேதனையும்தான். தவறவிட்ட நோய்க்கு விலையாகக் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். சோதனையை நிறுத்த வேண்டியதில்லை, அறிக்கை எழுதும் விதத்தை மாற்றினால் போதும். எண்ணைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பது சிலரின் வாதம். எண் இல்லாத 'ரியாக்டிவ்' மட்டும் அவரைப் பயமுறுத்தாமலா விடுகிறது? எத்தனை மடங்கு என்ற எண்ணும், உறுதிப்படுத்தும் சோதனையின் முடிவும் ஒரே தாளில் வந்தால், அடுத்த முறை எதனோடு ஒப்பிடுவது என்பதாவது மருத்துவருக்குத் தெரியும்.