காப்பி ஓகே

புதிதாக ஒரு ஆல்பம் கைக்கு வந்தால், பாட்டைக் கேட்பதற்கு முன் அதன் லாக்கைத்தான் படிப்பேன். சிடியிலிருந்து கணினிக்கு ஏற்றிய பாட்டுகளோடு அதே ஃபோல்டரில் சில கேபி அளவில் ஒரு எழுத்துக் கோப்பு கிடக்கும். பலரும் அதைத் திறப்பதில்லை. இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடுபவர்களும் உண்டு. எனக்கோ அதைப் படிப்பது, நல்ல கைத்தறிப் புடவையை மடித்துப் பின்பக்க நெசவைப் பார்ப்பது மாதிரி.

நான் சொல்வது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் எழுதும் லாக். ஆண்ட்ரே வீத்தாஃப் என்ற ஜெர்மானியர் 1998இல் வெளியிட்டது. இன்றும் சிடி சேமிப்பவர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள்.

சிடியைக் காப்பியடிக்க இத்தனை பாடு எதற்கு என்று தோன்றலாம். ஆடியோ சிடியில் ஒரு நொடி இசை 75 துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் 2,352 பைட். அத்தனையும் ஒலிதான். டேட்டா சிடியில் அதே துண்டில் 2,048 பைட்தான் தகவல். மீதியில் 276 பைட், பிழை வந்தால் திருத்திக்கொள்வதற்கென்றே ஒதுக்கியது. ஆடியோ சிடிக்கு அந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடையாது. கீறல் ஆழமாக இருந்தால், பிளேயர் விட்டுப்போன இடத்தை அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஒப்பேற்றிவிடும். கேட்கும்போது தெரியாது. காப்பியடிக்கும்போது அந்த ஒப்பேற்றலே நிரந்தரமாகிவிடும்.

அதனால் இந்த மென்பொருள் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 16 முறை படித்து, அதில் 8 முறையாவது ஒரே விடை வருகிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் மறுபடியும் 16. இப்படி ஐந்து சுற்று வரை போகும். ஒரு நொடி இசைக்காகச் சில நிமிடங்கள் டிரைவ் முனகிக்கொண்டிருப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

பெரும்பாலோர் லாக்கின் கடைசி வரிக்குத் தாவுகிறார்கள். பிழை எதுவும் இல்லை என்று அங்கே இருந்தால் திருப்தி. என்னைக் கேட்டால், மேலிருந்துதான் படிக்க வேண்டும். முதலில் ரீட் மோட். அது செக்யூர், அதாவது மேலே சொன்னபடி திரும்பப் படித்துச் சரிபார்க்கும் முறை என்று இருக்க வேண்டும். பர்ஸ்ட் என்றிருந்தால் ஒரே ஓட்டமாக ஓடி முடித்தது என்று பொருள். அடுத்து, கேஷ். சில டிரைவ்கள் இப்போதுதான் படித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை கேட்டால் சிடியைத் தொடாமலே பழைய விடையை எடுத்து நீட்டிவிடும். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றிய கதைதான். ‘டிஃபீட் ஆடியோ கேஷ்’ என்ற வரியில் ‘யெஸ்’ இருந்தால் அந்த வழி அடைபட்டது. ‘நோ’ என்றால், அந்த டிரைவுக்குக் கேஷ் பழக்கம் உண்டா என்று தெரியாமல் நான் மேலே படிப்பதில்லை.

பிறகு ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவும் சில சாம்பிள் முன்னே பின்னே படிக்கத் தொடங்கும். திருத்த எண் 6, 102, 667 என்று மாடலுக்கு மாடல் மாறும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் 667 என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. காதுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த எண் சரியாக இல்லாவிட்டால், உங்கள் காப்பியையும் இன்னொருவர் காப்பியையும் ஒப்பிட்டு ஒன்றுதானா என்று சொல்வது சிரமம்.

என்னிடமுள்ள ஒரு பழைய வீணை சிடியின் லாக்கை எடுத்துக்கொள்கிறேன். நான்காவது பாட்டு: பீக் லெவல் எழுபத்துச் சொச்சம் சதவீதம், தரம் 99.7. பார்த்தவுடன் மனசு திக்கென்றது. ஆனால் கீழே, சோதனை ஓட்டத்துக்கும் காப்பி ஓட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண்களான டெஸ்ட் சிஆர்சி, காப்பி சிஆர்சி இரண்டும் எட்டு இடத்திலும் ஒன்றே. காப்பி ஓகே. அதாவது சில இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தது. கடைசியில் விடை ஒத்துப்போனது. 99.7 என்பது பட்ட சிரமத்தின் கணக்கு. அதற்காகக் காப்பியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஏழாவது பாட்டில்தான் சங்கதி. ‘சஸ்பீஷியஸ் பொசிஷன்’ என்று மூன்றாவது நிமிடத்தில் ஓர் இடம். கீழே ‘காப்பி ஓகே’ என்ற வார்த்தை இல்லை. ‘காப்பி ஃபினிஷ்ட்’ என்று மட்டும் இருந்தது. வேலை முடிந்தது, சரி என்று சொல்ல மாட்டேன் என்கிறது மென்பொருள். அந்த ஒரு சொல் மாற்றத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. நம் ஏடு எழுதியவர்கள் எழுதி முடித்த நாளைக் குறித்துவிட்டு, பிழை இருந்தால் பொறுக்கும்படி கடைசி ஓலையில் கேட்டுக்கொண்டார்களே, அந்த நேர்மை.

ஹெட்ஃபோன் மாட்டி அந்த இடத்தை நான்கு முறை கேட்டேன். ஐந்தாம் முறைதான் மீட்டிய தந்தியின் ஓசைக்குள் மெல்லிய ஒரு ‘டிக்’ அகப்பட்டது. சிடியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டேன். இம்முறை காப்பி ஓகே. இரண்டு லாக்கையும் வைத்திருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் வரி. அதே சிடியின் வேறு பிரதியை வேறு டிரைவில் போட்டு எடுத்த யார் யாரோ அனுப்பிய கணக்கோடு நம்முடையது ஒத்துப்போனால், கான்ஃபிடன்ஸ் 14 என்று எண் வரும். முகம் தெரியாதவர்களின் பதினான்கு முடிவுகள் ஒரே விடை சொல்கின்றன. கீறல்கள் ஒரே இடத்தில் விழாது என்பதால் இதைவிட வலுவான சாட்சி இல்லை. ஒத்துப்போகாவிட்டால் உடனே பிழை என்று நினைக்க வேண்டாம். வேறு அச்சில் வந்த சிடியாக இருக்கலாம். என் தமிழ் சிடிகள் பலவற்றுக்கு, தரவுத்தளத்தில் இல்லை என்றே பதில் வருகிறது. அவற்றுக்கு நாம் இரண்டு முறை படித்து எழுதிவைத்த லாக்தான் சாட்சி.

பழைய சிடிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: டெஸ்ட், காப்பி இரண்டையும் ஓடவிடுங்கள். பிழை காட்டிய லாக்கையும் சேர்த்து வையுங்கள். யாருக்காவது பாட்டைக் கொடுத்தால் லாக்கையும் கூடவே கொடுங்கள்.