மாலை 5 மணிக்குள் எக்செல்

2023 ஜூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில் பெண்களுக்குப் பணம் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கான விண்ணப்பப் பதிவு முகாம் தொடங்கியது. செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டத்தின் தொடக்க விழா. நடுவே எட்டு வாரம்கூட இல்லை. அதற்குள் 1.63 கோடி விண்ணப்பங்கள் வாங்கப்பட்டு, சலிக்கப்பட்டு, 1.06 கோடி பெண்கள் தேர்வானார்கள். அப்போதைய நிபந்தனைகளின்படி குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மிகக் கூடாது. கார் இருக்கக் கூடாது. இத்தனையையும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் மட்டுமே வீடு வீடாக விசாரித்துச் சொல்வதென்றால் ஒரு வருடம் ஓடியிருக்கும். யார் யாருக்கு வேண்டியவர் என்ற கணக்கும் உள்ளே புகுந்திருக்கும். கள ஆய்வும் நடந்தது என்றாலும், பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவை குடும்ப அட்டை, மின் இணைப்பு, வாகனப் பதிவு, நில ஆவணம் என்று துறைவாரியாகக் கிடந்த தரவுத்தளங்கள்தான். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இந்த வேகம் கைவந்தது.

தமிழ்நாட்டின் மின் ஆளுமையைக் குறை சொல்லப் புகுமுன் இந்தச் சாதனையை ஒப்புக்கொள்வதுதான் நியாயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் திறந்திருந்தது. தரவை வைத்து முடிவெடுக்கும் அரசு, முடிவுக்கான காரணத்தைச் சொல்லி மறுப்புக்கும் இடம் கொடுப்பது நல்ல தரவு நிர்வாகத்தின் முதல் அடையாளம்.

ஆனால் அந்த மேல்முறையீட்டின் முடிவே மறுபக்கத்தையும் காட்டிவிட்டது. முறையிட்ட 11.85 லட்சம் பேரில் 7.35 லட்சம் பேர் தகுதியானவர்கள் என்று அந்த நவம்பரில் சேர்க்கப்பட்டார்கள். பத்துக்கு ஆறு பேர். முதல் சலிப்பில் சல்லடை எங்கே கிழிந்திருந்தது? கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்று அடுப்பு எரியும் வீட்டுக்கு மின் மீட்டர் ஒன்றுதான் இருக்கும். பழைய காரை விற்றிருப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியிருக்காது. பாகம் பிரித்த நிலத்துக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தரவுத்தளம் பொய் சொல்லவில்லை; அதில் இருப்பது என்றைக்கோ இருந்த உண்மை. முறையிடாமல் விட்டவர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். அவர்களில் எத்தனை பேருக்கு இதே கதி என்பதை அந்தத் தரவுத்தளத்தால் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் ஊழியரைக் கேட்டால் ஓரளவு சொல்வார்.

அவரைக் கேட்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு. தரவின் தரத்துக்கு மட்டுமல்ல, தரவின் பாதுகாப்புக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்புக்கு ஆவணப் பஞ்சம் எதுவும் இல்லை. 2020 செப்டம்பரில் மாநிலத்தின் சைபர் பாதுகாப்புக் கொள்கை வந்தது. 2022-ல் தரவுக் கொள்கை வந்தது. எந்தத் தரவைப் பொதுவில் வைக்கலாம், எதைத் துறைகள் தங்களுக்குள் பகிரலாம், எதை வெளியே விடக் கூடாது என்ற பாகுபாடு தாளில் தெளிவாகவே இருக்கிறது. மத்தியில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதன் விதிகள். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். அரசு அமைப்பு எதற்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதே சட்டம் மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. விலக்கு இல்லாமல் ஒரு மாநிலத் துறைக்கே அபராதம் விழுந்தாலும், தரவைப் பறிகொடுத்த மக்களின் வரிப்பணத்திலிருந்துதான் அது கட்டப்படும். வேடிக்கையான தண்டனை.

இனி ஒரு சாதாரண வேலை நாளைப் பார்ப்போம். காலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். ஏதோ ஒரு திட்டத்தில் நிலுவை எவ்வளவு என்று கேள்வி எழுகிறது. மதியத்துக்குள் வட்ட அளவிலான வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுகிறது: விடுபட்ட பயனாளிகள் பட்டியல், பெயர், ஆதார் எண், கைபேசி, வங்கிக் கணக்கு, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுடன், மாலை 5 மணிக்குள் எக்செல் தாளில். குழுவில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். போன வருடம் மாறுதலில் போனவரும் இருப்பார், ஒப்பந்தம் முடிந்த கணினி இயக்குநரும் இருப்பார், இருவரையும் யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்குள் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒரு தாள் வந்து விழும். வட்டத்தில் ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்து, தன் சொந்த ஜிமெயில் வழியாக மேலே அனுப்புவார். அந்தக் கோப்பு எத்தனை கைபேசிகளில் தங்கியது, எத்தனை ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் பிரிண்டுக்காகத் திறக்கப்பட்டது என்பதற்குக் கணக்கே கிடையாது. இதில் ஹேக்கர் வரவே இல்லை, எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. அரசே தன் தரவைத் தெருவில் வைத்துவிட்டு வந்திருக்கிறது.

கொள்கை ஆவணம் இதைத் தடை செய்கிறதா? செய்யலாம். ஆனால் ஆவணம் யாரையும் திட்டுவதில்லை, ஆய்வுக் கூட்டம் திட்டும். கீழ்நிலை ஊழியர் தன்னைத் திட்டுகிறவருக்குத்தான் கட்டுப்படுவார்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கதையும் இதே ரகம்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் அதிகாரியின் மின் கையொப்பம் வேண்டும். அதிகாரி பகல் முழுக்க நில அளவைத் தகராறு, அமைச்சர் வருகை, தேர்தல் வேலை என்று வெளியே. விண்ணப்பத்தை இத்தனை நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று திரையில் சிவப்பு எழுத்து மிரட்டுகிறது. டோக்கனும் கடவுச்சொல்லும் கணினி இயக்குநரிடம் போய்ச் சேர்கின்றன. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்த டோக்கன் வாகனச் சாவிகளோடு ஒரே வளையத்தில் தொங்கியது. ஒழுங்கீனம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் மென்பொருளை எழுதியதும் ஒழுங்கீனம்தானே?

கடந்த சில ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ஜூனில் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் கிட்டத்தட்ட 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் இணைய மன்றத்தில் கிடப்பதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகப் பொதுத் துறையின் கணினிகள் சில பூட்டப்பட்டு, திறக்க 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2024 மே மாதம் காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் ஒருவர் நுழைந்தார். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் பறிபோனதே காரணம் என்று காவல் துறை விளக்கியது. கடைசிச் சம்பவத்தில் வழி கடவுச்சொல்தான், அதாவது ஒரு மனிதர்தான்.

மனிதர்தான் பலவீனமான கண்ணி என்று பாதுகாப்பு நிபுணர்கள் பாடம் எடுப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அமெரிக்காவின் சவுத் கரோலைனா மாநிலம் நல்ல சாட்சி. 2012 ஆகஸ்ட் 13 அன்று அம்மாநில வருவாய்த் துறை ஊழியர்கள் சிலருக்கு ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. குறைந்தது ஒருவர் அதிலிருந்த இணைப்பைச் சொடுக்கினார். அவருடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திருடுபோயின. இரண்டு வாரம் கழித்து அதே கடவுச்சொல்லோடு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான வாசல் வழியாகத் திருடர் உள்ளே வந்தார். செப்டம்பர் நடுவில் வரி செலுத்துவோர் தரவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சுமார் 36 லட்சம் சமூகப் பாதுகாப்பு எண்கள் போனதாக முதலில் அறிவித்தார்கள், பிறகு எண்ணிக்கை இன்னும் ஏறியது. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது 50 லட்சத்துக்குள்தான்.

சொடுக்கியவர் மேல் பழியைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் விசாரணையில் வேறு சங்கதிகள் வெளிவந்தன. துறையில் கணினிப் பாதுகாப்புத் தலைவர் பதவி ஏறத்தாழ ஓராண்டு காலியாகக் கிடந்தது. கடவுச்சொல்லோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் திருடர் வாசலிலேயே நின்றிருப்பார். அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 25,000 டாலர். திருட்டுக்குப் பிறகு மக்களின் கடன் கணக்கைக் கண்காணிக்க மட்டும் மாநிலம் ஒரு நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அடையாள எண்கள் மறையாக்கம் செய்யப்படாமலே இருந்தன. திருட்டையும் துறை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. மத்திய அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் அக்டோபர் 10 அன்று சொல்லித்தான் தெரிந்தது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். ஒரு சொடுக்கு பேரழிவாவது அதற்குப் பின்னால் எந்தத் தடுப்பும் இல்லாதபோதுதான். தடுப்பு வைப்பது சொடுக்கியவரின் வேலை இல்லை.

நம்மூரில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அரசு நிறுவனங்களும் தகவல் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் தப்பான இணைப்பைத் தட்டிவிட்ட இளநிலை உதவியாளரின் மனதில் ஓடுவது செர்ட்-இன் அல்ல, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வர வேண்டிய வருடத்தில் யார் போய் "சார், நான்தான் தட்டினேன்" என்று நிற்பார்கள்? கணினியை அணைத்துவிட்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று வீட்டுக்குப் போவார்கள். திருடருக்கு ஒரு முழு இரவு கிடைக்கும். ஆறு மணி நேர விதியை உண்மையாக்க வேண்டுமென்றால், உடனே சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் ஓர் அரசாணை வேண்டும்.

ஊழியர் பங்கேற்பு என்று இப்போது நடப்பது என்ன? ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் அரை நாள் பயிற்சி, நூறு பக்க பவர்பாயின்ட், வருகைப் பதிவு, டீ, பிஸ்கட். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எதுவும் மண்டையில் நிற்காது. அந்த அரங்கிலும் நிரந்தர ஊழியர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்கத் தரவைத் தொடும் ஒப்பந்தக் கணினி இயக்குநர்களும், மகளிர் உரிமைத் தொகை முகாம்களில் செயலியில் பதிவு செய்த தன்னார்வலர்களும் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.

ஊழியர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2018 இறுதியில் கிராம நிர்வாக அலுவலர்கள் இணையவழிச் சான்றிதழ் பணியைப் புறக்கணித்துப் போராடினார்கள். அலுவலகத்துக்கு இணைய வசதி, அடிப்படை வசதி என்பவையும் அவர்களுடைய கோரிக்கைகள். சம்பளப் போராட்டமாகவே அதைப் பலரும் பார்த்தோம். ஆனால் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் அரசு வேலையைச் செய்யச் சொல்வது நேரடியாகப் பாதுகாப்புப் பிரச்சினை. நியாய விலைக் கடையிலும் அப்படியே. எடை குறைவைத் தடுக்க மின்னணுத் தராசைப் பிஓஎஸ் கருவியோடு புளூடூத்தில் இணைத்தார்கள். நோக்கம் சரி, அட்டைதாரருக்கு லாபம். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறதே என்று விற்பனையாளர்கள் கேட்டார்கள். கண்காணிப்பு கடைசி மனிதரின் கையில் மட்டும் விலங்கு மாட்டினால், அவர் அந்தக் கருவியை ஏமாற்றத்தான் வழி தேடுவார்.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. ஊழியர்கள் எல்லாரும் அப்பாவிகள் இல்லை. டோக்கனை இன்னொருவரிடம் கொடுத்துவைப்பது சிலருக்கு வசதி: கையூட்டு வாங்கிய சான்றிதழ் பிடிபட்டால் "நான் போடவில்லை" என்று கை கழுவலாம். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார் என்று பதிவாகும் முறை வந்தபிறகுதான் கோப்பு காணாமல் போகும் கலை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. ஆகவே கண்காணிப்பைத் தளர்த்தச் சொல்வது என் கட்சி இல்லை. கண்காணிப்பு மேல்நோக்கியும் போக வேண்டும் என்கிறேன். வாட்ஸ்அப்பில் ஆதார் பட்டியலை அனுப்பியவருக்கு முன், அதைக் கேட்டவருக்குக் குறிப்பாணை போக வேண்டும்.

செலவில்லாத வேலைகளே நிறைய இருக்கின்றன. அடுத்த திட்டத்துக்கான செயலியை எழுதுமுன் இரண்டு வட்டங்களில் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களோடு ஒரு வாரம் உட்காரலாம். ஆய்வுக் கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கையைத் தளமே திரையில் காட்டினால் எக்செல் தாளுக்குத் தேவையே இராது. ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் போதாதா என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிடலாம். அதிகாரி வெளியே இருக்கும் நாளில் யார் கையொப்பமிடலாம் என்று அதிகாரபூர்வமான மாற்று ஏற்பாடு செய்யலாம். மாறுதலில் போனவரின் கணக்கு அன்றைக்கே மூடப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கொள்கை ஆவணம் தேவையில்லை.

கொள்கை எழுதுவதிலும் மக்களுக்கு விரைந்து பணம் சேர்ப்பதிலும் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. தன் ஊழியரைக் கேட்பதில் இன்னும் பின்வரிசையில்தான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத் துறையின் அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு ஒரு கணினி இயக்குநரையும் ஒரு கிராம நிர்வாக அலுவலரையும் ஒரு நியாய விலைக் கடை விற்பனையாளரையும் அழைத்து, முதல் அரை மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.