ஆசிரமத்து விருந்தாளி

ஆசிரமங்களைப் பற்றிய புத்தகங்களுக்கு நம்மிடையே குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை குருவைப் பற்றியவை. மிச்சம் உள்ளவை எழுதியவரைப் பற்றியவை. அங்கே போய் நாலு நாள் தங்குகிற சாதாரண மனிதனுக்கு என்ன கிடைக்கும், அந்த இடம் அவனிடம் என்ன கேட்கும் என்ற எளிய கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகம் அபூர்வம். நாவல் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி அலட்சியமானதல்ல. பிறர் வீட்டுக்குப் போன மனிதன் எங்கே உட்காருகிறான், எப்படிச் சாப்பிடுகிறான், எப்போது எழுந்து போகிறான் என்பதைக் கவனிப்பதில்தானே நாவலாசிரியனின் பிழைப்பே இருக்கிறது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய ஒரே காலத்தில் மூன்று பேர் அதை மூன்று விதமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

முதலாமவர் பால் பிரண்டன், ஆங்கிலப் பத்திரிகையாளர். அவருடைய 'ரகசிய இந்தியாவில் ஒரு தேடல்' 1934-ல் வெளியாயிற்று. நம் நாவலாசிரியர் கா. சீ. வேங்கடரமணி அவரைச் செங்கற்பட்டில் காஞ்சி சங்கராசாரியரிடம் அழைத்துப் போனதும், அருணாசலத்துக்குப் போகும்படி ஆசாரியர் சொன்னதும் அந்தப் புத்தகத்திலேயே வருகின்றன. பிரண்டன் பழத்தட்டுடன் ஹாலில் நுழைந்து உட்காருகிறார். கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தவர். மகரிஷி பேசவில்லை. நேரம் போகப் போகக் கேள்விகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விடுகின்றன. இந்த இடத்தைப் பிரண்டன் நன்றாகவே எழுதியிருக்கிறார். பல தேசங்களிலிருந்தும் ஜனங்கள் திருவண்ணாமலைக்கு ரயிலேறியதற்கு அந்தச் சில பக்கங்கள் பெரிய காரணம். ஆனால் அவர் செய்த உபகாரத்திலேயே ஒரு கெடுதலும் கலந்திருந்தது. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு விருந்தாளியும், ஹாலில் உட்கார்ந்தவுடன் தனக்கும் ஏதாவது நடக்கவேண்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தான். நடக்காவிட்டால் ஏமாந்துபோனான். நடந்துவிட்டதாகத் தோன்றினாலோ, ஊருக்குத் திரும்பி ஒரு புத்தகம் எழுதினான்.

இரண்டாமவர் சாமர்செட் மாம். 1938-ல் வந்தவர், ஆசிரமத்தில் இருந்தது சில மணி நேரந்தான். மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேய சாது அங்கேயே குடிலமைத்து வாழ்ந்து வந்தார்; அவருடைய அறையில் மாம் மயங்கி விழுந்தார். ரமணரே எழுந்து வந்து அவர் எதிரில் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஹாலுக்குள் போக மாமுக்கு ஆசை. காலில் கனத்த பூட்ஸ். அதைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார் என்று சாட்விக் எழுதியிருக்கிறார்.

மாம் சமாதியில் ஆழ்ந்துவிட்டார் என்று பிற்பாடு ஊரெல்லாம் பேச்சு. அந்த மனிதரின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 1958-ல் வந்த கட்டுரைத் தொகுதியில் அவர் இதை ஒளிக்காமல் சொல்லி, தமக்கு மயக்கம் வருவது முன்பே உண்டு என்றும் எழுதிவிட்டார். கட்டுரையாளராக அவரிடம் நான் குறை காணவில்லை. நாவலாசிரியரிடந்தான் என் வழக்கு.

1944-ல் வந்த அவருடைய நாவலுக்குக் கடோபநிஷத்திலிருந்து பெயர் எடுத்தார்: 'கத்தியின் கூர்முனை'. அதில் லாரி என்ற அமெரிக்க இளைஞன் திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆசிரமம் ஒன்றில் இரண்டு வருஷம் கழிக்கிறான். அந்த அனுபவத்தை அவன் விவரிக்கும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஆசிரியரே குறுக்கிட்டு, வேண்டுமானால் வாசகர் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் இந்தப் பேச்சு இல்லாவிட்டால் புத்தகமே எழுதியிருக்கமாட்டேன் என்கிறார். இதைச் சாமர்த்தியமான அடக்கம் என்று கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு தயக்கமாகவே படுகிறது. பாரிஸ் விருந்து மேஜையில் யார் எந்தக் கரண்டியைத் தொடுவார் என்பது வரை அறிந்த எழுத்தாளர், இந்த ஒரு இடத்தில் மட்டும் மேஜையையே மறந்துவிடுகிறார். குரு பேசுகிறார், மலைமேல் சூரியன் உதிக்கிறது, ஞானம் வருகிறது. இரண்டு வருஷமும் லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் யார் என்று கேட்டால், புத்தகத்தை மூடிய பிறகு ஒரு முகமும் என் நினைவில் நிற்கவில்லை. பூட்ஸோடு வாசலில் நின்று பார்த்தவருக்கு ஹால் தெரிந்தது, பந்தி தெரியவில்லை.

மூன்றாமவர் சூரி நாகம்மா. இளம் வயதிலேயே விதவையாகி, 1941-ல் திருவண்ணாமலைக்கு வந்த ஆந்திரப் பெண்மணி. 1945-லிருந்து தம் தமையனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாயின. தமையனாரே அவற்றை ஆங்கிலமாக்கினார். இலக்கியம் பண்ணுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. லட்சுமி என்ற பசு, அணில்கள், குரங்குகள், பரோடாவிலிருந்து வந்த வெள்ளை மயில், இன்று யார் வந்தார், என்ன கேட்டார், பகவான் எப்போது சிரித்தார் — இவ்வளவுதான் விஷயம். ஆனால் நாலைந்து கடிதம் படித்தால் அந்த வீடு கண்முன் நிற்கிறது. தமக்கென்று தனியாக எதையும் பரிமாறவிடாமல், பந்தி முழுவதற்கும் வந்தால்தான் தம் இலையிலும் விழலாம் என்று பிடிவாதம் பிடித்த மனிதர், விடியுமுன் எழுந்து வெகு காலம் சமையற்கட்டில் காய் நறுக்கிய மனிதர், சிந்திய அரிசியை மணி மணியாகப் பொறுக்கிய மனிதர் — அவர் இப்படிப்பட்ட எழுத்தில்தான் உயிரோடு இருக்கிறார். ஒளி வீசும் கண்களைப் பற்றிய வர்ணனையில் இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களை விழுங்கிவிட்டு மேலே போனால் நான் செய்வது விமர்சனமாகாது, துதியாகும். அந்தப் போஜன சாலையில் அன்று ஒரு தடுப்பு இருந்தது. ஆசாரம் பார்க்கும் பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். இரு சாராருக்கும் தெரியும் இடத்தில் ரமணர் உட்கார்ந்தார். அடுத்தது, பொழுது சாய்ந்தால் பெண்கள் ஆசிரமத்தில் தங்கக்கூடாது என்பது விதி. ஆகவே அந்த வீட்டை எல்லாரையும்விட நன்றாக எழுதிய நாகம்மாவுக்கு அங்கே ஓர் இரவும் தங்க உரிமை இல்லை. தினமும் மாலையில் எழுந்து வெளியே போக வேண்டியவர், மறுநாள் வந்து இன்னும் கூர்மையாகப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அந்த விதி நியாயமாகிவிடாது.

ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்தார். விருந்தாளிகள் வருவது நிற்கவில்லை. இன்று அங்கே தங்க விரும்புகிறவர் என்ன எதிர்பார்க்கலாம்? முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இடம் சில நாட்களுக்குத்தான். அறைக்கோ சாப்பாட்டுக்கோ கட்டணம் இல்லை, மனமிருந்தால் கொடுக்கலாம். அறை எளியது. மணி அடித்தால் தரையில் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும். வேத பாராயணம் உண்டு, தமிழ்ப் பாராயணம் உண்டு, பழைய ஹாலில் மௌனம் உண்டு. மயிலும் குரங்கும் இன்றும் உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும். உபதேசம் செய்ய யாரும் காத்திருக்கவில்லை. மகான் எதிரே உட்கார்ந்து தம் கண்களுக்குள் பார்ப்பார் என்று எண்ணி வருகிறவர் சுவரையும் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இது ஏமாற்றமா? பிரண்டனைப் படித்துவிட்டுப் போனால் ஏமாற்றந்தான். நாகம்மாவைப் படித்துவிட்டுப் போனால் அவ்வளவு இராது. நம் வீட்டில் நமக்கென்று ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தனி டம்ளர் இருக்கிறது. ஆபீசில் பெயர்ப்பலகை இருக்கிறது. பந்தியில் இவை எதுவும் இல்லை. நமக்கு முன்னால் இருப்பவருக்கு விழுந்த கரண்டிதான் நமக்கும் விழும். அதைச் சகிக்க முடிகிறதா, அல்லது மனம் முணுமுணுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள மூன்று நாள் போதும். முணுமுணுத்தால் அதுவும் ஒரு தரிசனந்தான், நம்முடைய தரிசனம்.

தமிழில் ஆசிரமத்தை வைத்து நாவல் எழுத நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குருவின் வாயில் நாலு பக்கம் வேதாந்தத்தைத் திணிக்காதீர்கள். அதற்கு உபநிஷத்துகள் இருக்கின்றன. சமையற்கட்டில் ஆரம்பியுங்கள். சாயங்காலம் யார் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். கதை அந்த வாசற்படியில் இருக்கிறது.