ரசீதில் இரண்டு இனங்கள்

ஸ்கூடாய்ப் பக்கம் பள்ளி விட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ட்ரான்சிட் நிலையங்களின் மாத ரசீதில் இரண்டு இனங்கள் இருக்கும்: பராமரிப்பு, டியூஷன். பிள்ளை ஒன்றுதான். சோறு சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே கணக்குப் புத்தகத்தை விரிக்கிறது. ஆனால் அப்பாவின் கம்பெனி அந்த ரசீதுக்குப் பணம் கட்டினால், வருமான வரிக் கணக்கில் இரண்டும் பிரிந்துவிடும். 12 வயது வரையிலான பிள்ளைப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. 2024-க்கு முன் அது 2,400. டியூஷனுக்கு அந்த விலக்கு இல்லை. 1967 வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி அது சம்பளத்தோடு சேர்ந்து, முதலாளி தரும் ஆண்டு வருமான அறிக்கையான இஏ பாரத்தில் ஏறும்.

சட்டத்தின் அடிப்படையை நான் ஏற்கிறேன். பிள்ளையின் கட்டணத்தை முதலாளி கட்டுவது சம்பளம் கொடுப்பதற்குச் சமம்தான். அதை முழுக்க விலக்கினால், பெரிய அதிகாரிகள் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைத் தனியார் பள்ளிக்குத் திருப்பிவிடுவார்கள். ஊழியரே மேற்படிப்புக்குப் பெறும் உபகாரச் சம்பளம் வேறு வகை. வேலை தொடர்பாகக் கிடைத்தாலும் அதே சட்டத்தின் ஆறாம் அட்டவணையின் 24-ஆம் பத்தி அதற்கு விலக்கு தருகிறது. அந்தப் படிப்பு தொழிலுக்கே திரும்பி வரும் என்பதால் அதுவும் நியாயமே.

இடறுவது விகிதத்தில். இஸ்கண்டார் புத்ரியில் ஓர் அதிகாரியின் பிள்ளைக்குக் கம்பெனி 50,000 ரிங்கிட் பள்ளிக் கட்டணம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதப் படியில் அதற்கு வரி 12,500. அவரே ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தகுதி பெற்ற அறிவுசார் பணியாளரானால், பத்தாண்டுகளுக்கு 15 சதவீதம்தான், வரி 7,500. அரசு 5,000 ரிங்கிட்டை விட்டுக்கொடுக்கிறது. பாசீர் கூடாங் தொழிற்சாலையில் 11 சதவீதப் படியில் இருக்கும் மேற்பார்வையாளர், 2,400 ரிங்கிட் டியூஷனுக்கு 264 ரிங்கிட் கட்டுகிறார். அவருடைய விகிதம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலீட்டை ஈர்க்க 5,000-ஐ விடத் துணிந்த அரசுக்கு இந்த 264 பாரமா?

என் தீர்ப்பு இது: பள்ளிக் கட்டணத்துக்கு வரி நீடிக்கட்டும். ஆனால் பராமரிப்புக்கான அதே 3,000 ரிங்கிட் வரம்புக்குள் டியூஷனையும் சேர்க்க வேண்டும். வயதை எஸ்பிஎம் தேர்வு எழுதும் 17 வரை உயர்த்த வேண்டும். வரம்பு மாறாததால் பணக்காரர்கள் இதில் புகுந்து விளையாட இடமில்லை. உச்சப்படியான 30 சதவீதத்திலும் ஓர் ஊழியரால் அரசுக்குக் குறைவது ஆண்டுக்கு 900 ரிங்கிட்டைத் தாண்டாது.