பக்கத்து ஆசனம்

பிரயாண நூல்களில் இரண்டு ரகம் உண்டு. ஊரைப் பற்றிச் சொல்லுகிறவை ஒரு ரகம். ஊரைச் சாக்காக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தவனைப் பற்றிச் சொல்லுகிறவை இன்னொரு ரகம். முதல் ரக நூலில் ஆசிரியர் தனியாகப் போனாரா, குடும்பத்தோடு போனாரா என்று நாம் விசாரிப்பதில்லை. வழி எப்படி, தங்குமிடம் எப்படி, செலவு என்ன ஆகும் என்று தெரிந்தால் போதும். இரண்டாவது ரகத்திலோ அந்த விசாரணைதான் பிரதானம். "நான் தனியாகப் போனேன்" என்று ஒருவர் எழுதினால், அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மற்ற வாக்கியங்களையெல்லாம் நாம் படிக்கிறோம்.

கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரி பிள்ளை சமீபத்தில் ஒரு கேள்வி கேட்டான். மாண்டெரேக்குத் தெற்கே, கார்மெல் என்ற ஊரிலிருந்து ஸான் ஸிமியன் வரையில், மலை நேராகக் கடலில் இறங்குகிற இடத்தில், சுமார் 90 மைல் தூரம் ஒரு சாலை போகிறது. பிக் ஸர் கடற்கரை என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். "அதில் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், மாமா. கிளம்புவதற்கு முன் எதைப் படிக்கலாம்?" என்றான்.

சாலைக்கு வேண்டிய ஏற்பாடு ஒரு கார்டில் அடங்கிவிடும். வடக்கிலிருந்து தெற்காகப் போக வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், அப்படிப் போகிறவனுக்குக் கடல் தன் பக்கத்திலேயே இருக்கும். நிறுத்திப் பார்க்க எதிர் வரிசையைக் கடக்க வேண்டியதில்லை. பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் குறைவு. புறப்படும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும். பல மைலுக்குக் கைப்பேசி வேலை செய்யாது. கோடைக் காலையில் மூடுபனி கடலை மறைத்துவிடும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலை இருக்கிறதா என்று அன்றைய தினமே விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இது வேடிக்கைப் பேச்சு அல்ல. 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலை சரிந்து, கால் மைல் நீளத்துக்குச் சாலையை மூடிவிட்டுக் கடலுக்குள்ளும் போய் விழுந்தது. அங்கே மறுபடி வண்டி ஓட 2018 ஜூலை ஆயிற்று. 2021 ஜனவரியில் ராட் கிரீக் என்ற இடத்தில் மழை வெள்ளம் சாலையில் ஒரு துண்டையே அடித்துக்கொண்டு போயிற்று. 18 வருஷம் பாடுபட்டு, சிறைக் கைதிகளையும் கொண்டு வேலை வாங்கி, 1937-ல் திறந்த சாலை அது. மலை இன்னும் அதற்குச் சம்மதம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

படிப்புக்கு வேண்டிய ஏற்பாடுதான் சங்கடமானது. தனிப் பிரயாணம் என்றதும் அமெரிக்காவில் எல்லோரும் எடுத்துக் கொடுக்கிற புத்தகம் ஜான் ஸ்டைன்பெக்கின் 'டிராவல்ஸ் வித் சார்லி'. 1960 செப்டம்பரில், 58-வது வயதில், ஸ்டைன்பெக் ஒரு லாரி வண்டியின் மேல் சிறு வீடு மாதிரி ஓர் அறை கட்டிக்கொண்டு, சார்லி என்ற நாயைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவைச் சுற்றிவரக் கிளம்பினார். டான் க்விக்ஸோட்டின் குதிரையின் பெயரையே வண்டிக்கு வைத்தார். நூல் 1962-ல் வந்தது. அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

கிளம்புவதற்கு முன் அவர் செய்கிற ஏற்பாடுகளைப் பற்றிய பக்கங்கள் வெகு ரஸமானவை. வேண்டியதைப்போலப் பல மடங்கு சாமானை ஏற்றுகிறார். படிக்கவே போகாத புத்தகங்களைச் சுமக்கிறார். துப்பாக்கியும் தூண்டிலும் எடுத்துக்கொள்கிறார். சுடவோ மீன் பிடிக்கவோ அல்ல. காரணம் இல்லாமல் சுற்றுகிறவனை ஊரார் சந்தேகிப்பார்கள், வேட்டைக்குப் போகிறவனைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதற்காக! மனித சுபாவத்தைக் கரைத்துக் குடித்தவர்தான் இப்படி எழுத முடியும்.

ஆனால் பசிபிக் கரைக்கு வந்ததும் புத்தகம் தள்ளாடுகிறது. ஓரிகனில் ஒரு மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை டயர் வெடிக்கிறது. முகம் தெரியாத ஒருவர் உதவுகிறார். பிறகு ராட்சசச் செம்மரங்கள் வருகின்றன. அந்த மரத்தின் அடியில் சார்லி காலைத் தூக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் ஆசிரியர். நாய்க்கு மரம் மரமாகவே தெரியவில்லை. ஒரு சின்னக் கிளையை வெட்டி அடிமரத்தில் சார்த்தி வைத்து நாயை ஏமாற்றப் பார்க்கிறார். நல்ல ஹாஸ்யந்தான். ஆனால் கடல் எங்கே? அத்தனை பாறையும் அலையும் உள்ள கரையோடு வருகிற மனிதர் அதற்கு ஒதுக்குகிற இடம் மிகக் கொஞ்சம். பிக் ஸரைத் தொடவே இல்லை. மாண்டெரேயில் பழைய சிநேகிதர்களோடு மதுக்கடையில் உட்கார்ந்து, தான் இருந்த ஊர் இல்லாமல் போய்விட்டதே என்று வருந்திவிட்டு, மலையைத் தாண்டிப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறார்.

இந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணம் 2010-க்குப் பிறகு வெளியே வந்தது. பில் ஸ்டீகர்வால்ட் என்ற பத்திரிகைக்காரர் ஸ்டைன்பெக் போன வழியே காரில் போய், நியூயார்க் மார்கன் நூலகத்தில் உள்ள முதல் கைப்பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பல இரவுகள் அவர் வண்டியில் படுக்கவில்லை. நல்ல ஹோட்டல்களில் தங்கியிருக்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், ஸியாட்டிலிலிருந்து மாண்டெரே வரை கடற்கரையோடு வந்தபோது பக்கத்து ஆசனத்தில் அவருடைய மனைவி எலைன் இருந்திருக்கிறார். கைப்பிரதியில் இருந்த அந்த அம்மாள் அச்சில் இல்லை. சிகாகோவிலும் டெக்ஸாஸிலும் மனைவி வந்து சேர்ந்ததை நூலே சொல்கிறது; இந்தக் கரையில் மட்டும் இறக்கிவிட்டார்கள். 2012-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, இதைக் கண்டிப்பான உண்மை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாசகரை எச்சரிக்கிறது.

பொய் சொன்னார் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். நாவலாசிரியன் கொஞ்சம் கற்பனை செய்தால் என்ன என்று வேறு சிலர் பரிந்து பேசினார்கள். இரு கட்சியும் விஷயத்தை விட்டுவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. என் புகார் ஒழுக்கம் சம்பந்தமானது அல்ல. எழுத்துத் தொழில் சம்பந்தமானது. மனைவியை நீக்கியதால் அவருக்கு என்ன லாபம் கிடைத்தது? தனிமை என்ற வேஷம். என்ன நஷ்டம்? பிரயாணத்தின் மிகச் சிறந்த அத்தியாயம்! வயதான ஒரு மனிதர், தான் பிறந்து வளர்ந்த கரையைத் தன் மனைவிக்குக் காட்டிக்கொண்டு வருகிறார். "இதோ இந்தத் திருப்பத்தில்தான்" என்று இவர் ஆரம்பிக்க, அந்த அம்மாளுக்கு அது வெறும் திருப்பமாக மட்டும் தெரிந்திருக்கும். சொந்த ஊரை மனைவிக்குக் காட்டிய எவருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். 'ஊர் மாறிவிட்டது' என்று மதுக்கடையில் புலம்புவதைவிட, மாறாத ஊரைக்கூட இன்னொருவர் கண்ணுக்குக் கொடுக்க முடியவில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதை எழுதக்கூடிய கை அவருடையது. தனி மனிதன், நாய், நாடு என்ற சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அதை வெட்டி எறிந்தார்கள். பேச்சுத்துணையை வெட்டியபோது, இருவரும் பேசிக்கொண்டே பார்த்த கடலும் கூடவே போய்விட்டது என்று நான் ஊகிக்கிறேன்.

துணையோடு போவதால் பிரயாண நூலின் கௌரவம் குறைவதில்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதி 1971-ல் வந்த 'நடந்தாய் வாழி, காவேரி'யை யாரும் அந்தக் குறை சொல்லி ஒதுக்கவில்லை. ஹென்றி மில்லர் 1944-லிருந்து பிக் ஸர் மலையில் வாழ்ந்தவர். 1957-ல் வந்த அவருடைய பிக் ஸர் நூலில் அண்டை அயலார்தான் நிறைந்திருக்கிறார்கள். அதில் மனசில் நிற்கும் பகுதி, அவர் இரக்கப்பட்டு ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த மோரிகாண்ட் என்ற ஜோசியர், சொர்க்கம் போன்ற அந்த இடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு வீட்டையே நரகமாக்குகிற கதை. வேண்டாத துணை கூட நல்ல எழுத்தாகும்.

அதே 1960 கோடையில், ஸ்டைன்பெக் கிளம்புவதற்குச் சற்று முன், இன்னொருவர் அந்தக் கரையில் உண்மையாகவே தனியாக இருந்தார். ஜாக் கெரவாக். பிக்ஸ்பி பாலத்தின் கீழே, பள்ளத்தாக்கில், நண்பரான கவிஞர் ஃபெர்லிங்கெட்டியின் குடில். 1932-ல் கட்டிய அந்தப் பாலம் 260 அடிக்கு மேல் உயரம். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அழகின் சிகரம். கெரவாக் இரவில் கீழே இறங்குகிறார். கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும். விடிந்து பார்த்தால் பாலத்தடியில், மேலேயிருந்து விழுந்த ஒரு கார் தலைகீழாகக் கிடக்கிறது. 1962-ல் வந்த அவருடைய 'பிக் ஸர்' நாவலில் இதெல்லாம் வருகிறது. சில நாள் சந்தோஷம், பிறகு அலுப்பு, பிறகு பயம், கடைசியில் சித்தப்பிரமை. ஊருக்குத் திரும்பச் சாலையோரம் நின்று கை காட்டுகிறார். இயற்கைக் காட்சி பார்க்க வந்த குடும்பங்கள் கார் காராகக் கடந்து போகின்றன, ஒருவரும் நிறுத்துவதில்லை. கால் கொப்புளித்து நடக்கிறார். அந்த அத்தியாயத்தைப் படித்தவனுக்கு 'அழகிய சாலை' என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கும்.

நாவல் சீரானது அல்ல. 10 நாளில் எழுதியது; அந்த அவசரம் பல இடங்களில் தெரிகிறது. குடியின் புலம்பல் சில பக்கங்களில் நம்மை அலுப்பூட்டும். ஆனாலும் கடல் அதில் இருக்கிறது. இரவில் அதன் அருகே உட்கார்ந்து, அதன் இரைச்சலை எழுத்தில் பிடிக்க முயன்றார். அந்தக் கவிதையை நாவலின் கடைசியில் சேர்த்திருக்கிறார். நாவல் என்று பெயர் போட்டுக்கொண்டு நிஜத்தைச் சொன்னார் இவர். பிரயாணம் என்று பெயர் போட்டுக்கொண்டு நாவல் எழுதினார் அவர்.

ஸ்டைன்பெக்குக்குத் தனிமை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1938-ல் வந்த 'தி லாங் வாலி' தொகுதியில் 'ஃப்ளைட்' என்ற சிறுகதை இருக்கிறது. மாண்டெரேக்குத் தெற்கே, இதே முரட்டுக் கரையில், பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வயல் வீடு. பேப்பே என்ற பையனை மருந்தும் உப்பும் வாங்கிவரத் தாய் அனுப்புகிறாள். ஊரில் சண்டை வந்து ஒருவனைக் கத்தியால் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். மலைக்குள் ஓட வேண்டும். தாய் அழாமல் மூட்டை கட்டுகிறாள்: உப்புக்கண்டம், தண்ணீர்ப் பை, தகப்பனுடைய கறுப்புக் கோட்டு, துப்பாக்கி. பிறகு கதை முழுவதும் அவன் ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போகிறான். தொப்பி, குதிரை, கோட்டு, துப்பாக்கி. துரத்துகிறவர்களின் முகத்தைக் கடைசிவரை நாம் பார்ப்பதில்லை. ஒன்றும் மிஞ்சாத நிலையில் பாறைமேல் எழுந்து நின்று குண்டை வாங்கிக்கொள்கிறான்.

சாமான் நிறைந்த லாரியையும் இந்த மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பிரயாணம் தனிப் பிரயாணம் என்பதில் சந்தேகம் வராது. ஆகவே அந்தச் சாலையில் தனியே போகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் 'ஃப்ளைட்' கதையைப் படிக்கலாம். கெரவாக்கை வீடு திரும்பின பிறகு படிக்கலாம்; அந்தக் கரையில் இரவு தங்கும்போது வேண்டாம். 'டிராவல்ஸ் வித் சார்லி'யையும் விட வேண்டியதில்லை. பசிபிக் கரைப் பக்கங்கள் வந்ததும், பக்கத்து ஆசனத்தில் ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படித்தால், புத்தகம் இப்போது இருப்பதைவிட நன்றாக இருக்கும்.